மாப்பிள்ளை இறக்கிய வண்டி

என் தங்கை மாப்பிள்ளைக்கு எங்கள் அம்பாசிடர் உயரமாக இருந்தது பிடிக்கவில்லை. கல்யாணம் முடிந்த முதல் ஆடிக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்த பெண்டாட்டியைத் திரும்ப அழைத்துப்போக, மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போதே மெட்ராஸிலிருந்து வந்துவிட்டார். அரியலூர் ஸ்டேஷன் வாசலில் நின்ற என் காரை இடுப்பில் கை வைத்துக்கொண்டு மேலும் கீழும் பார்த்தார். "என்ன மச்சான், வண்டி இப்படித் தூக்கிக்கிட்டு நிக்குது" என்றார். அதுதான் அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்றோ, பெண்டாட்டி எப்படி இருக்கிறாள் என்றோ ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அது டாக்ஸி. எண்பதுகளின் தொடக்கத்தில் அரியலூர் ஸ்டேஷன் ஸ்டாண்டில் நின்ற நாலைந்து வண்டிகளில் ஒன்று. சுண்ணாம்புக்கல் லாரிகள் உழுதுபோட்ட ரோட்டிலும், ஜெயங்கொண்டத்தைத் தாண்டி முந்திரிக்காட்டுக்குள் போகும் செம்மண் தடத்திலும் ஆறு பேரையும் ஒரு மூட்டையையும் ஏற்றிக்கொண்டு போய் வர வேண்டியது. வண்டியின் வயிறு தரையில் இடிக்காமல் இருந்ததால்தான் எங்கள் வயிறு நிறைந்தது. இதை மெட்ராஸ்காரருக்கு யார் சொல்வது?

அவர் ஏதோ ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். கார் ஓட்டத் தெரியாது. ஆனால் மெட்ராஸில் கார் பந்தயம் என்று ஒன்று நடக்குமாம், அதைக் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நாலைந்து முறை பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து அவருக்குக் காரைப் பற்றித் தெரியாதது எதுவும் இல்லை. பந்தயக் கார் தரையோடு தரையாக ஓடும், அதனால்தான் அதற்கு அவ்வளவு வேகம், நம் ஊர்க்காரர்களுக்கு இது ஏன் புரியவில்லை என்று ஸ்டேஷனிலிருந்து வீடு வருவதற்குள் மூன்று முறை கேட்டுவிட்டார். நானும் "ஆமாங்க மாப்ள, புரியத்தான் மாட்டேங்குது" என்று மூன்று முறையும் சொன்னேன்.

அவரைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் பிரயோஜனமில்லை. கழுத்து மடிப்பில் பவுடர் வியர்வையோடு சேர்ந்து வெள்ளை வெள்ளையாகக் கோடு போட்டிருக்கும். சட்டைப் பையில் இருக்கும் சீப்பை எடுத்து, சீவி முடித்ததும் அதில் சிக்கிய முடியை உருவி அங்கேயே உதறுவார். அது என் வீட்டுக் கூடம். சாப்பிட்டு முடித்தால் எழுந்து போய்க் கொப்பளிக்க மாட்டார். உட்கார்ந்த இடத்திலேயே டம்ளர் தண்ணீரை வாயில் ஊற்றி, களகளவென்று சுழற்றி, அந்த இலையிலேயே துப்புவார். கோழிக்குழம்பு மிதக்கும் அந்த எச்சில் தண்ணீர் சிந்திவிடாமல் அம்மா இலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போவாள். முகத்தில் சிரிப்பு வேறு. மாப்பிள்ளை துப்பினால் அதற்கும் ஒரு மரியாதை இருந்தது எங்கள் வீட்டில்.

அவ்வளவு மரியாதைக்கும் ஒரு காரணம் இருந்தது. தங்கை டீச்சர் டிரெயினிங்கில் முதல் வருஷம் முடித்திருந்தாள். பெரம்பலூரில் படிப்பு, தினமும் பஸ்ஸில் போய் வருவாள். அப்பா கொத்தனார், சாரத்திலிருந்து விழுந்து, படுத்த மூன்றாம் மாதம் இறந்துபோனார். ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு இருக்க வேண்டாமென்று சொந்தக்காரர்கள் அவசரப்படுத்திக் கல்யாணம் முடித்தார்கள். நிச்சயதார்த்தத்தன்று இதே மாப்பிள்ளை, வாய் நிறைய வெற்றிலையோடு, "பொண்ணு படிப்ப முடிக்கட்டும், அதுக்கென்ன" என்று சபையில் சொன்னார். தாலி கட்டிய பிறகு அந்தப் பேச்சையே காணோம். எங்கள் தாத்தா காலம்வரை அடுத்தவர் வயலில் அறுத்துக் கூலி வாங்கியவர்கள் நாங்கள். அப்பா சாந்துக் கரண்டி பிடித்தார், நான் ஸ்டீயரிங் பிடித்தேன், அவள் சாக்பீஸ் பிடிக்க வேண்டியவள். ஆவணி பிறந்து ஒரு வாரத்துக்குள் வந்து சேராவிட்டால் பெயரை அடித்துவிடுவதாக டிரெயினிங் பள்ளியில் சொல்லிவிட்டார்கள்.

மாப்பிள்ளை வருவதற்கு இரண்டு நாள் முன்னால், நான் வண்டியைக் கழுவிக்கொண்டிருக்கும்போது, அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணே, நீ ஒரு வார்த்த அவருகிட்ட பேசு. ஒரே ஒரு வருசம். அம்மா பேசுனா அழுதுடும். நான் பேசுனா, எதுத்துப் பேசுறேன்னு ஆயிடும். நீ கேட்டீன்னா மாட்டேன்னு சொல்ல மாட்டாரு."

"நான் பாத்துக்குறேன். நீ போ" என்றேன்.

பெரிய ஆள் மாதிரிதான் சொன்னேன். மனதுக்குள் போட்ட திட்டம் இவ்வளவுதான்: அவர் சந்தோஷமாக இருக்கிற நேரமாகப் பார்த்துக் கேட்டுவிட வேண்டும். அந்த நேரத்தைத் தேடி, அவர் வந்த மூன்று நாளும் நான் பல்லிளித்துக்கொண்டு திரிந்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

வந்த மறுநாள் காலையில், இட்லியும் கறியும் தின்றுவிட்டு, விஷயத்துக்கு வந்தார். "மச்சான், வண்டிய ஒரு நாலு அங்குலம் இறக்கிடுவமா? நானே கூட இருந்து பாத்துக்குறேன்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்து, "மாப்ள ஆசப்படுறாரு. செஞ்சு குடுத்துடு தம்பி" என்றாள். அவள் கண்ணில் இருந்ததும் என் மனதில் இருந்ததும் ஒரே கணக்கு. இதைச் செய்துவிட்டால் அதைக் கேட்கலாம். கதவோரம் நின்ற தங்கை மட்டும், "டாக்ஸிய இறக்குனா எப்படிண்ணே ஓட்டுவ?" என்று மெதுவாகக் கேட்டாள். அம்மா அவளை அடுப்படிக்குப் போகச் சொன்னாள்.

லாரி ஊர் என்பதால் அரியலூரில் கமான் பட்டை வேலை செய்யும் பட்டறைகளுக்குக் குறைவில்லை. அங்கே வருகிறவர்கள் எல்லோரும் பாரம் தாங்கவில்லை, இன்னும் ஒரு பட்டை சேர்த்துப் போடு என்றுதான் கேட்பார்கள். பின்பக்கத்தில் பக்கத்துக்கு இரண்டு பட்டை கழற்றிவிடு என்று கேட்டவன் நான் ஒருவன்தான். பட்டறைக்காரர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, "வண்டிய விக்கப் போறியா?" என்றார். "இல்லண்ணே, மாப்ள ஆசப்படுறாரு" என்றேன். அவர் மாப்பிள்ளையை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு ஜாக்கியை எடுத்து வரச் சொன்னார். முன்பக்கத்தைத் தாங்கும் முறுக்குக் கம்பிகளையும் தளர்த்தி மாட்டியாகிவிட்டது. ஜாக்கியிலிருந்து இறங்கியபோது வண்டி இன்னும் இறங்கு, இன்னும் இறங்கு என்று போய்க் கடைசியில் குந்திக்கொண்டது. அதைப் பார்த்து மாப்பிள்ளை கை தட்டினார்.

சரி, இதுதான் நேரம் என்று நினைத்து, வீட்டுக்கு வருகிற வழியில் தொண்டையைச் செருமினேன். அதற்குள் அவர், "என்ன மச்சான், வண்டி கோணிக்கிட்டுப் போவுது?" என்றார். உண்மைதான். ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் விட்டால் வண்டி இந்தப் பக்கம் அலைந்தது, பிடித்தால் அந்தப் பக்கம் அலைந்தது. "இறக்குனா சக்கரம் ரெண்டும் நேருக்கு நேரா நிக்காது. அலைன்மென்ட் பாக்கணும். அது ஒரு சயின்ஸ்" என்றார். சயின்ஸ் என்று சொல்லும்போது அவர் முகத்தில் வந்த களை போய்விடக் கூடாதே என்று நானும் "நாளைக்கே பெரம்பலூர் போயி பாத்துடுவோங்க" என்றேன். கேட்க வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

மறுநாள் தங்கையும் வந்தாள். பெரம்பலூர் என்றதும், எல்லாம் பேசி முடிந்து அப்படியே பள்ளியில் எட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்று அவளுக்கு ஒரு ஆசை. கல்யாணத்துக்கு எடுத்த புடவையை விட்டுவிட்டு, டிரெயினிங்குக்குப் போகும்போது கட்டும் நீலக் கரைப் புடவையைக் கட்டிக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தாள். அவர் முன்னால் என் பக்கத்தில். போகிற வழியெல்லாம் வண்டியின் அடிப்பாகம் கல்லில் உரசி உரசிச் சத்தம் போட்டது. ஒவ்வொரு உரசலுக்கும் நான் வேகத்தைக் குறைத்தேன். அவர் வெளியே கையை நீட்டித் தாளம் போட்டுக்கொண்டு, "பாத்தீங்களா, எப்படி ஒட்டிக்கிட்டுப் போவுது" என்றார். ஒரு மாட்டு வண்டித் தடத்தில் சைலன்சர் வாய் நசுங்கியது. இறங்கிப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று சொன்னேன்.

பெரம்பலூரில் மெட்ராஸ் ரோட்டோரம் ஒரு பாய் வொர்க்‌ஷாப் வைத்திருந்தார். சக்கர வேலைக்கு அவரிடம்தான் எல்லா வண்டியும் வரும். இப்போது இருக்கிற மாதிரி மெஷினெல்லாம் அப்போது கிடையாது. சிமென்ட் தரையில் வண்டியை நேராக நிறுத்தி, பின்சக்கரத்தை ஒட்டி ஒரு சணல் நூலைக் கட்டி முன்சக்கரம்வரை விறைப்பாக இழுத்துப் பார்ப்பார். பிறகு இரண்டு முன்சக்கரத்துக்கும் நடுவே, டயரின் முன்பக்கம் ஒரு அளவும் பின்பக்கம் ஒரு அளவும் எடுப்பார். முன்பக்க அளவு ஒரு சொட்டுக் குறைவாக இருக்க வேண்டும். அப்படியிருந்தால் வண்டி நேராகப் போகும். பாய் குனிந்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்து, நாலு முறை அளந்தார்.

"யா அல்லா, எதுக்கு தம்பி இந்த வண்டிய இப்படி ஒக்கார வச்சே? முன்பக்கம் ரெண்டு நூல் வெளிய போயிருக்கு. ஒரு நூல் உள்ள இருக்கணும். மொத்தம் மூணு நூல் இழுக்கணும்" என்றார்.

மாப்பிள்ளை சிரித்தார். தரையில் கிடந்த சணல் நூலின் நுனியை எடுத்து, இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டிக் காட்டினார். "இந்த நூலா? மூணு நூல் சேந்தா எவ்வளவு கனம் வரும்? இதுக்குப் போயி எதுக்குங்க இவ்வளவு அளவு? நட்ட லேசா ஒரு திருகு திருகி விடுங்க, போதும்."

பாய் வாயைத் திறப்பதற்குள், வேப்பமர நிழலில் நின்ற தங்கை பேசிவிட்டாள். அவளுக்கு அதில் யோசிக்க ஒன்றுமில்லை. அப்பா சுவரை அளந்து அளவு சொல்லச் சொல்ல, சிலேட்டில் எழுதிக்கொண்டு கூடவே நின்று வளர்ந்தவள் அவள். ஒன்பது அடி, நாலு அங்குலம், மூணு நூல் என்று அவள் எழுதிய அளவில்தான் அப்பா சுவர் எழுப்புவார்.

"அவரு சொல்றது அந்த நூல் இல்லீங்க. நூலுங்கறது அளவு. ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல். மூணு நூலுன்னா அர அங்குலத்துக்கு ஒரு நூல்தான் கம்மி."

சாதாரணமாகத்தான் சொன்னாள். வகுப்பில் சொல்வதுபோல், யாரையும் குத்திக்காட்டாமல். வொர்க்‌ஷாப்பில் வேலை செய்துகொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பாய், "பாப்பா சரியா சொல்லுது" என்றார். அவ்வளவுதான், மாப்பிள்ளையின் முகம் கறுத்துவிட்டது. காது இரண்டும் சிவந்தன. உருட்டிக்கொண்டிருந்த நூலைக் கீழே போட்டார்.

"நூல்னா நூல்தான். எதுக்கு நூல் கட்டிப் பாக்குறாங்க? அந்த நூலோட கனம்தான் அளவு. நான் எவ்வளவு கார் பாத்திருக்கேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "மச்சான், நீங்க டிரைவரு. நீங்க சொல்லுங்க. நான் சொல்றது சரியா, உங்க தங்கச்சி சொல்றது சரியா?"

கொத்தனார் மகன் நான். வண்டி ஓட்டுகிறவன் நான். ஒரு நூல் எவ்வளவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பாய் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கை என்னைப் பார்க்கக்கூட இல்லை. நான் என்ன சொல்வேன் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. எனக்கோ, இன்னும் ஒரு மணி நேரத்தில் இந்த ஆளிடம் அவளுடைய ஒரு வருஷத்தைக் கேட்டு வாங்க வேண்டும், முகம் இப்படிக் கறுத்திருந்தால் எப்படிக் கேட்பது என்கிற ஒரே நினைப்பு.

"மாப்ள சொல்றதுதான் சரி" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. இன்னும் கொஞ்சம் குளிரட்டுமே என்று, "அவளுக்கு என்ன தெரியும், ஏதோ ஒளறுறா. நீங்க மனசுல வச்சுக்காதீங்க" என்று சேர்த்துக்கொண்டேன். சிரிக்கவும் செய்தேன்.

பாய் துணியில் கையைத் துடைத்தபடி பக்கத்தில் வந்து, தாழ்ந்த குரலில் கேட்டார். "தம்பி, வண்டி உன்னோடது. டயரு உன்னோடது. நெசமாவே அப்படியே வுட்டுடவா?"

"வுட்டுடுங்க பாய்" என்றேன்.

அவர் நட்டை லேசாக ஒரு திருகு திருகிவிட்டு எழுந்தார். கூலி வேண்டாமென்று கையை ஆட்டினார். செய்யாத வேலைக்கு வாங்கக் கூடாது என்று நினைத்திருப்பார். என்னைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. அவர்மேல் தப்பில்லை.

திரும்பி வரும்போது வண்டி பழையபடியே அலைந்தது. வளைவுகளில் டயர் கீச்சிட்டது. மாப்பிள்ளை, "இப்ப எவ்வளவோ பரவால்ல, இல்ல மச்சான்?" என்றார். ஆமாம் என்றேன். முன்சக்கர டயர் இரண்டும் அடுத்த சில வாரத்தில் ரம்பப் பல் மாதிரித் தேய்ந்து, உள்பக்கம் நூல் தெரிய ஆரம்பித்தது தனிக்கதை. மீன்சுருட்டிக்குப் பெண் பார்க்கப் போன ஆறு பேரை நடுக்காட்டில் இறக்கி நடக்கவிட்டு, மறுநாளே பட்டறைக்குப் போய் எல்லாப் பட்டையையும் திரும்பப் போட்டேன். அது என் வண்டி, என் நஷ்டம், எனக்கு வேண்டியதுதான்.

பாதி வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்தச் சொன்னார். டீயை வாங்கி, காரிலேயே உட்கார்ந்து உறிஞ்சினார். ஜெயித்த சந்தோஷம் முகத்தில் தெரிந்தது. சீப்பை எடுத்துச் சீவிக்கொண்டார். பின்சீட்டில் தங்கை டீ வேண்டாமென்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று எனக்குத் தோன்றியது.

"மாப்ள, ஒரு விசயம். தங்கச்சிக்கு இன்னும் ஒரு வருசந்தான் பாக்கி. ஆவணியில சேந்துட்டா முடிச்சுடும். நீங்க பெரிய மனசு பண்ணி…"

அவர் டீயை முழுசாகக் குடித்து முடித்தார். ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் கொப்பளித்து ஜன்னலுக்கு வெளியே துப்பினார். கோபப்படவில்லை. எனக்காக வருத்தப்படுகிறவர் மாதிரி பேசினார்.

"நானும் அனுப்பலாம்னுதான் மச்சான் நெனச்சுக்கிட்டிருந்தேன். ஆனா இன்னிக்கு நீங்களே பாத்தீங்கல்ல? ஒரு நூல் எவ்வளவுன்னு தெரியல. தெரியாததத் தெரிஞ்ச மாதிரி நாலு பேரு முன்னாடி பேசுறா. நீங்களே சொன்னீங்க, அவளுக்கு என்ன தெரியும்னு. கூடப் பொறந்தவரு நீங்களே அப்படிச் சொல்லும்போது, இவ போயி புள்ளைங்களுக்கு என்னத்த சொல்லிக்குடுப்பா?"

இந்த ஆள் தேடிக்கொண்டிருந்த சாக்கை நானே எடுத்துக் கையில் கொடுத்திருக்கிறேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் பொய் சொன்னேன், அவள் சொன்னதுதான் சரி, உங்களுக்குக் காரைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. வந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

பின்சீட்டிலிருந்து தங்கையின் குரல் வந்தது. அழவில்லை. "அண்ணே, ஒரு அங்குலத்துக்கு எத்தன நூல்? அவருகிட்ட சொல்லு."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். கண்ணாடியில் அவளும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதெல்லாம் வூட்டுல போயி பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

வீட்டில் போய் யாரும் எதுவும் பேசவில்லை. ஆடி முடிந்த மறுநாள் காலை இரண்டு பேரையும் நானே ஸ்டேஷனுக்கு அழைத்துப்போனேன். மாப்பிள்ளை முன்னால் நடந்தார். அவருடைய பெட்டியை நான் தூக்கிக்கொண்டு போனேன். தங்கையின் பெட்டியைத் தூக்கக் கையை நீட்டியபோது அவள் கொடுக்கவில்லை.